கொஞ்ச நாளைக்கு நின்ற கட்டை

ஒரு ஊரில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மராமத்து இலாகா கட்டியது. பிறகு ஆட்சி மாறியது, இலாகாவின் பெயர் மாறியது. பிரசவ வார்டு வராந்தாவின் கூரையை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. ஒரு மழைக்காலத்தில் அதன் உத்திரம் தொய்ந்துபோனது.

இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு சவுக்குக்கட்டையை முட்டுக் கொடுக்கச் சொன்னார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். கட்டையும் நம்பியது. தோப்பில் வளர்ந்ததற்கு இலாகாவின் கொஞ்ச நாள் எவ்வளவு நீளமென்று எப்படித் தெரியும்?

அந்த வருஷமே ஒரு மந்திரி வருவதாகச் சொன்னார்கள். அவசர அவசரமாகத் தூண்களுக்கு வெள்ளை அடித்தார்கள். அடித்த கையோடு கட்டைக்கும் இரண்டு இழுப்பு. கட்டைக்குப் பெருமை தாங்கவில்லை, தானும் தூணாகிவிட்டோம் என்று நிமிர்ந்து நின்றது. வினையே அங்கேதான் பிடித்தது. அடுத்து சோதனைக்கு வந்த மகானுபாவர் அதையும் தூணென்றே எண்ணினார். தேவைக்கு மேலேயே தூண் இருக்கிறது, பழுது ஒன்றுமில்லை என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் வந்தவர்களும் அதையே சொன்னார்கள், இளநீரும் குடித்தார்கள்.

வருஷங்கள் ஓடின. கட்டையின் அடியைக் கரையான் அரித்தது. எதிர்ச்சுவரில், திறந்துவைத்தவர்களின் பெயரெல்லாம் பொறித்த சலவைக்கல் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர்கள் வந்தால் என் காலைப் பார்க்கச் சொல்லேன் என்று கட்டை அதனிடம் கெஞ்சியது.

"வர்றவங்க என்னைப் படிச்சுட்டுப் போறதுக்கே நேரமில்ல. இத்தனை வருஷம் நின்னவன்தானே, பேசாம நில்லு" என்றது கல்.

கட்டைக்கு வயிறு எரிந்தது. "நின்னதுதான்யா தப்பு. நான் நிக்கிறதாலதான் ஒருத்தனும் மேலே பாக்கல."

அப்போதே விழுந்திருக்கும். ஆனால் எப்படி விழும்? அடியில் எந்நேரமும் வாயும் வயிறுமாகப் பெண்கள். செண்பகவல்லி என்றொரு நிறைமாசக்காரி, வரும்போதெல்லாம் அதில்தான் முதுகைச் சாய்ப்பாள். அவள் சாயும்போதெல்லாம் கட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இலாகாவைத் திட்டாத வசவில்லை.

ஒரு நாள் நல்ல மழை. ஈரம் ஊறிய கூரை அழுத்த, கட்டையின் கால் விட்டுப்போனது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அது முனகியது. செண்பகவல்லியின் முதுகில் அது அதிர்ந்தது. திரும்பிக் கை வைத்தாள். புற்றுமண் பொலபொலவென்று கொட்டியது.

"அக்கா, எல்லாரும் எந்திரிங்க. கட்டை விட்டுப்போச்சு."

எவ்வளவு காலமாக நிற்கிற தூண், அதற்கு என்ன வந்தது என்று ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கடைசிப் பெண்ணும் முற்றத்தில் கால் வைத்தபின்தான் கட்டை பிடியை விட்டது. பாதி வராந்தா தரையில் கிடந்தது.

இலாகா ஜீப்பில் வந்து இறங்கியது. இப்போதைய அதிகாரி உடைந்த கட்டையை ஷூவால் புரட்டினார். "கட்டை சரியில்ல. அதான் மோசம் பண்ணிடுச்சு" என்றார்.

செண்பகவல்லிக்கு ஆத்திரம் பொங்கியது. மழையில் நனைந்தபடியே அவர் எதிரில் போய் நின்றாள். "அதுவாவது எங்களை எழுப்பிவிட்டுட்டு விழுந்துச்சு. நீங்க எதுக்கு சார் இருக்கீங்க?"

அவர் காதில் விழாத மாதிரி அண்ணாந்து பார்த்தார். மிச்சப் பாதி உத்திரமும் தொய்ந்திருந்தது. டிரைவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் பச்சை வாசம் போகாத புதுச் சவுக்குக்கட்டை ஒன்று வந்து, உத்திரத்துக்கு அடியில் ஏறி நின்றது.

கீழே கிடந்த பழையதைப் பார்த்து அது பெருமையாகச் சொன்னது: "கொஞ்ச நாளைக்குத்தானாம், அண்ணே."

பழைய கட்டைக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னது:

"வெள்ளை அடிக்க மட்டும் விட்டுடாதே, தம்பி."