உடையாத கண்ணாடி

நகராட்சியின் ஊரமைப்புப் பிரிவில் சுபாஷிணி புதிதாகச் சேர்ந்திருந்தாள். பழைய கட்டடங்களைப் பார்த்து, எதைக் காக்கலாம், எதை இடிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. புதிதாக வருகிறவர் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். பழையவர்கள் யாரும் தொடமாட்டார்கள்.

காரணத்தையும் அவர்களே சொன்னார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த கட்டடம் விழுந்து ஆட்கள் செத்துப்போனார்கள். எழுதியவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாக, டீ குடித்துக்கொண்டே அவளுக்குச் சொன்னார்கள்.

அவளுக்கு வந்த முதல் கோப்பே கடைத்தெரு முனையில் இருந்த பழைய சத்திரம். அதன் முன்கூடத்தில் பெண்கள் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவே ஒரு செங்கல் வளைவு. வளைவில் தொடங்கிய விரிசல் ஒன்று தூணில் ஆள் உயரம்வரை இறங்கியிருந்தது.

விரிசல் எப்போதோ விழுந்து நின்றுபோனதா, இன்னும் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டி, மேலே தேதி எழுதி வைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். சுபாஷிணி வேலைக்கு வந்த சில நாளிலேயே அதை ஒட்டிவிட்டாள். மழைக்காலம் பாதி போயும் கண்ணாடி முழுசாக இருந்தது.

ஆகவே காக்கலாம் என்று எழுதிவிடலாம். ஆணையரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். ஆனால் அவள் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மழை தூறினால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

தலைமை அலுவலர் ரெஜினாவிடம் போய் நின்றாள். ரெஜினா அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர். அதிகம் பேசமாட்டார்.

"மேடம், பயமில்லாம கையெழுத்துப் போடறது எப்படி?"

"கண்ணாடி உடைஞ்சுதா?"

"இல்ல மேடம். நேத்துகூடப் பார்த்தேன்."

"எங்க நின்னு பார்த்த?"

சுபாஷிணி தயங்கினாள். "வாசல்ல நின்னு."

"உள்ள போகலையா?"

"அந்த வளைவுக்குக் கீழ போகவே பயமா இருக்கு மேடம்."

ரெஜினா மேசைக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உன் டிபனையும் எடுத்துக்கோ. அங்க போய்ச் சாப்பிடலாம்."

தையல் கூடத்துக்குப் பொறுப்பு சிந்தாமணி என்ற பெண். சாவியும் அவளிடம்தான். ஜன்னலோரம் காற்று வருகிற இடமாகப் பார்த்து அவள் நாற்காலி போட்டாள். ரெஜினா அங்கே உட்காரவில்லை. துணி வெட்டுகிற மேசை வளைவுக்கு நேர் கீழே கிடந்தது. அதில் டிபனைத் திறந்து வைத்தார்.

சுபாஷிணி எதிரே உட்கார்ந்தாள். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. சற்று நேரத்தில் அவளுடைய தயிர் சாதத்தின் மேல் சிவப்பாகக் கொஞ்சம் பொடி கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். செங்கல் பொடி.

ரெஜினாவும் அதைப் பார்த்தார். தன் டிபனை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்துபோய்த் தூணில் ஒட்டியிருந்த கண்ணாடியை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் எல்லாவற்றின் மேலும் நூலும் பிசிறும் படிந்திருந்தன. இத்தனை நாள் இருந்த கண்ணாடியிலிருந்து மட்டும் அவர் விரலில் எதுவும் ஒட்டவில்லை.

மூடிய டிபன் டப்பாவை ஓங்கிக் கண்ணாடியில் ஒரு அடி அடித்தார்.

"மேடம்!" என்று கத்திவிட்டாள் சுபாஷிணி.

கண்ணாடி உடையவில்லை. ரெஜினா இன்னும் பலமாக அடித்தார். அப்போதும் உடையவில்லை.

சிந்தாமணி சிரித்தாள். "அது உடையாது மேடம். தடிச்ச கண்ணாடியாப் பார்த்து வாங்கினேன்."

சுபாஷிணி எழுந்து நின்றாள். "நீங்க வாங்கினீங்களா?"

"பின்ன? நீங்க ஒட்டினது தாள் மாதிரி இருந்துச்சு. மழை பேஞ்ச மறுநாளே பட்டுனு போயிடுச்சு. படத்துக்குச் சட்டம் போடுற கடையில வெட்டி வாங்கி ஒட்டுனேன், அதுவும் போச்சு. திரும்ப ஒட்டுனேன், திரும்பவும் போச்சு. அப்புறம் கடைக்காரருதான், மேசை மேல போடுற கண்ணாடி தாங்கும்மான்னாரு. தேதியக்கூட நீங்க எழுதுன மாதிரியே எழுதிட்டேன்."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான சொன்னீங்க, இது உடையக் கூடாது, உடைஞ்சா கூடத்தை மூடிருவாங்கன்னு? மூடிட்டா இத்தனை பொம்பளைங்களும் எங்க போறது?"

சுபாஷிணி அப்படிச் சொல்லித்தான் இருந்தாள். அன்றைக்கும் பயத்தில்தான் சொன்னாள்.

ரெஜினா குரலை உயர்த்தவில்லை. "மிஷினை நிறுத்துங்க. எல்லாரும் வெளியே வாங்க. ஓட வேண்டாம். துணி அப்படியே கிடக்கட்டும்."

சிந்தாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், நாளன்னைக்கு உருப்படி கொடுக்கணும் மேடம். பூட்டிடாதீங்க."

"முதல்ல வெளியே வாங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

கடைசிப் பெண்ணும் வாசலைத் தாண்டிய பிறகு ரெஜினா வெளியே வந்தார். சாவியை வாங்கிப் பூட்டினார். பெண்கள் தெருவில் நின்று அவரைத் திட்டத்தான் செய்தார்கள். சுபாஷிணியையும் சேர்த்துத் திட்டினார்கள்.

சாயங்காலம் நல்ல மழை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வளைவின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. வெட்டு மேசை இரண்டாக உடைந்திருந்தது. சுபாஷிணி பதற்றத்தில் தன் டிபன் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது செங்கலுக்கு அடியில் தட்டையாகக் கிடந்தது.

சிந்தாமணி அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரையும் திட்டவில்லை.

சுபாஷிணி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "இடிக்கலாம்னு எழுதிடறேன் மேடம். என்னால முடியாது."

"எழுதலாம். யாருக்குப் பயந்து எழுதற?"

சுபாஷிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யோசி. அதுக்குள்ள தூணோட அடியைத் தோண்டிப் பார்ப்போம்."

தோண்டினால் மண் சொதசொதவென்று இருந்தது. பக்கத்து ஓட்டலின் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டுத் தூணின் அடிக்கே தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் இன்னும் அதிகம். மற்றத் தூண்களின் அடியில் மண் கல்லாக இறுகியிருந்தது. சுவர்களும் குண்டு நூல் விட்டுப் பார்த்ததில் நேராகவே நின்றன.

குழாயை மாற்ற வைத்தார்கள். மிச்ச வளைவுக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தார்கள். ரெஜினா ஆணையரிடம் பேசி, தையல்காரப் பெண்களுக்கு நகராட்சியின் சமுதாயக் கூடத்தில் இடம் வாங்கினார். சுபாஷிணி கோப்பில் எழுதினாள்: காக்கலாம், தூணும் வளைவும் சீராகும்வரை உள்ளே ஒருவரும் போகக் கூடாது. கையெழுத்து கோணலாக விழுந்தது.

மழை விட்ட ஒரு நாள் ரெஜினா, சுபாஷிணி, சிந்தாமணி மூவரும் சத்திரத்துக்குப் போனார்கள். எதிர்த் தூணில் முடிபோல ஒரு கீறல் இருந்தது. அதற்கும் கண்ணாடி ஒட்ட வேண்டும். சுபாஷிணி முட்டுக்களுக்கு நடுவே குனிந்து உள்ளே போனாள். காரையைச் சுரண்டிச் செங்கல் தெரிகிறமட்டும் துடைத்தாள். ஒட்டுவதற்கு இடத்தைத் தயார் செய்துவிட்டுச் சிந்தாமணியிடம் வந்தாள்.

"அக்கா, இங்க ஒட்டப்போற கண்ணாடி உடைஞ்சா நீங்க வேற ஒட்டாதீங்க. உடனே எனக்குப் போன் பண்ணுங்க. உங்களை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"உடைஞ்சா கூடம் திறக்கிறது தள்ளிப்போகுமே?"

"போகும்க்கா."

சிந்தாமணி எதிர்த் தூணின் கீறலை ஒரு தடவை பார்த்தாள். "சரி, சொல்றேன்," என்றாள். இடிபாட்டிலிருந்து எடுத்து மடியில் சுற்றி வைத்திருந்த பழைய தடித்த கண்ணாடியை எடுத்து ரெஜினாவிடம் கொடுத்தாள். அத்தனை செங்கல் விழுந்தும் அதில் ஒரு கீறல் இல்லை.

சுபாஷிணி மெல்லக் கேட்டாள். "மேடம், இந்தப் பயம் எனக்கு எப்ப போகும்?"

ரெஜினா அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவள் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கும் அசையாது, நமக்கு உதவாது. கடையில திருப்பிக் கொடுத்துடு. இருக்கறதுலயே மெலிசாக் கேட்டு வாங்கிட்டு வா."