சின்னமணி ஐயாவுக்காகக் காத்திருந்த மண்டபம்

எங்க ஊர் பைபாஸ் ரோட்டுல பூமாலை கல்யாண மண்டபம்னு ஒண்ணு இருக்கு. அதோட ஆபீஸைப் பார்த்துக்கிட்டவங்க மூணு பேரு: காளிராஜ், சுடலைக்கண்ணு, பேச்சியப்பன். மூணு பேரு மூளையையும் சேர்த்துப் பிழிஞ்சாலும் ஒரு சொட்டு தேறாது.

மண்டபத்துல நடக்கிற ஒவ்வொரு விசேஷத்துக்கும் கம்ப்யூட்டர் ஃபைல்ல ஒரு ஷீட். பத்து வருஷத்து ஷீட் சேர்ந்துபோய், எதைத் தேடினாலும் கிடைக்கல. முதலாளி தங்கமாரி, மக பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் கிளம்பும்போது சொன்னார்: "தேவையில்லாத ஷீட்டை எல்லாம் மறைச்சு வைங்கடா. அழிச்சிராதீங்க. நான் வர்ற வரைக்கும் ஷீட்டுல என்ன இருக்கோ அதை மட்டும் செய்ங்க. சொந்தப் புத்தியைக் கிளப்பினா தொலைச்சிருவேன்."

கிளப்புறதுக்கு இருந்தால்தானே!

"எது தேவையில்லாதது?" என்றான் காளிராஜ், மவுஸைப் பிடிச்சுக்கிட்டு.

"யாரு வந்து கேட்கலையோ, அவங்களுக்குத் தேவையில்லைன்னு அர்த்தம்," என்றான் சுடலைக்கண்ணு.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி மக கல்யாணம் இருக்கே?"

"தேதி குறிச்சிட்டுப் போனவரு, அப்புறம் எட்டிப் பார்த்தாரா? மறைச்சிரு."

இப்படியே ஒண்ணொண்ணா மறைச்சு, கடைசி ஷீட்டுக்கு வந்தாங்க. அதை மட்டும் கம்ப்யூட்டர் மறைக்க விடல. ஒரு ஷீட்டாவது கண்ணுல படணுங்கிறது அதோட சட்டம். இது அந்த மேதைகளுக்கு எங்கே தெரியும்?

"பார்த்தீங்களா! கம்ப்யூட்டரே சொல்லுது, இதுதான் தேவைன்னு," என்றான் பேச்சியப்பன். மூணு பேரும் பயபக்தியாப் படிச்சாங்க: 'சின்னமணி ஐயா பதினாறாம் நாள் காரியம். தை இருபத்தொன்று. மேளம் கூடாது. படத்துக்கு மாலை.'

போன வருஷத்துக் காரியம் அது. வருஷம் போடல.

"ஐயோ, நாளைக்குத்தான்டா!"

மறுநாள் விடியக்காலையில பொண்ணு, மாப்பிள்ளை, சொந்தபந்தம், மேளக்காரங்க எல்லாரோடயும் ஆவுடையப்பன் வந்து இறங்கினார். வாசல்ல வாழைமரம் இல்லை. மேடையில படம் இல்லாத வெறும் போட்டோ சட்டம் ஒண்ணு, அதுக்கு மாலை.

"அண்ணாச்சி, படம் கொண்டாந்தீங்களா?" என்றான் சுடலைக்கண்ணு, தணிஞ்ச குரல்ல.

"எந்தப் படம்?"

"செத்தவரு படம்."

"அடப் பாவிகளா! இன்னிக்கு என் மக கல்யாணம்டா! ஏழரைக்குள்ள தாலி ஏறணும்!"

"ஷீட்டுல இல்லையே அண்ணாச்சி. இன்னிக்கு மண்டபம் சின்னமணி ஐயா பேருல இருக்கு. அவரு வந்து வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடுறோம்."

"அவரு செத்து ஒரு வருஷம் ஆச்சேடா!"

மூணு பேரும் தனியா ஒதுங்கிக் கலந்து பேசினாங்க.

"அப்ப வர்றதுக்குக் கொஞ்சம் முன்னேபின்னே ஆகும். வெளியே உட்காருங்க," என்று மூணு பேரும் மேடையை மறிச்சு நின்னாங்க.

முதலாளி போனை எடுக்கல. முகூர்த்தம் போய்க்கிட்டே இருந்தது. பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அப்பா, வெளியவே கட்டச் சொல்லுங்க," என்றாள். கார் நிறுத்துற இடத்துல, ஜெனரேட்டர் பக்கத்துல, கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறிச்சு.

"மேளம் கூடாதுன்னு போட்டிருக்கு!" என்று கத்திக்கிட்டே கதவைச் சாத்தினான் காளிராஜ்.

பொண்ணு மாப்பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. பொழுதும் சாய்ஞ்சாச்சு. மூணு பேரும் வெறும் சட்டத்துக்கு முன்னால கைகட்டி நின்னுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில பேச்சியப்பனுக்குப் பொறுக்கல.

"என்னதான் பெரிய மனுஷனா இருந்தாலும், சொன்ன நேரத்துக்கு வரணுங்கிற நினைப்பு வேண்டாமாடா?"