வளைவில் விட்ட வழி

"என் கையை வெட்டிப் போட்டுருங்க அம்மணி," என்றார் மாரப்பன்.

ரெஜினா டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"எந்தக் கைங்ணா?"

"வலது கை."

"அதுலதானே ஸ்டீயரிங் பிடிக்கறீங்க?"

"பிடிச்சிருந்தாத்தான் பரவால்லீங்களே. அது வெளிய போயிருதுங்க."

மாரப்பன் நாமக்கல்காரர். பாதி ஆயுளை லாரியில் கழித்தவர். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் போதும், கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விடும், வண்டி இடப்பக்கம் ஒதுங்கும், வலது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு 'போ, போ' என்று வீசும். நெடுஞ்சாலையில் இதற்குப் பெயர் மரியாதை. லாரிப் பந்தயத்தில் இதற்குப் பெயர் கடைசி இடம்.

பந்தயம் கோவைக்கு வெளியே ஒரு பழைய மைதானத்தில். மில் முதலாளிகள் கார் விட்டு விளையாடிய காலத்துப் பாதை அது. முட்டை வடிவம். இரண்டு நேர்ப்பாதை, இரண்டு வளைவு. எப்போதும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். எல்லா லாரிக்கும் ஒரே இன்ஜின், ஒரே வேகம். முன்னால் போகிறவர் விட்டுக் கொடுத்தால் ஒழிய முந்துவது லேசில்லை.

மாரப்பன் விட்டுக் கொடுத்தார். காலைப் பந்தயத்தில் முதல் ஆளாகக் கிளம்பிக் கடைசி ஆளாக வந்தார். சங்ககிரி டிரைவர் அய்யாவுதான் இதை முதலில் கண்டுபிடித்தவர். அவர் ஹாரன் அடித்து முந்தியதைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள்.

"காதுல பஞ்சு வெச்சுப் பார்க்கலாமே?" என்றார் ரெஜினா.

"வெச்சனுங்க. கண்ணாடில அவனுக லைட்டைப் பார்த்துட்டுக் கை போயிருச்சு."

ரெஜினா சிரித்துவிட்டார். மாரப்பன் சிரிக்கவில்லை.

"சாயங்காலமும் கடைசின்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு முதலாளி சொல்லிப்போட்டாருங்க. ரோட்டுல ஊரு உலகத்தையே முந்த விட்டவன் நானு. ஒரு நாளைக்காச்சும் எல்லாருக்கும் முன்னால போய்ப் பார்க்கோணும்னு ஆசையா இருக்குதுங்க."

ரெஜினா அவரைவிட வயதில் சின்னவர். ஆனால் அந்தப் பாதையில் லாரி ஓட்டிய காலத்தில் ரெஜினாவை ஜெயித்தவர் யாரும் இல்லை. டிரைவர்கள் அவரைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிக் கிண்டல், பாதி பயம்.

குரு எழுந்தார்.

"வாங்க, நடக்கலாம்."

வெயிலில் ஆளில்லாத பாதை. மாரப்பன் முன்னால், ரெஜினா பின்னால்.

நேர்ப்பாதையில் போகும்போது ரெஜினா வாயாலேயே ஹாரன் அடித்தார். "பாம்!"

மாரப்பன் இடப்பக்கம் ஒதுங்கி நின்றார். கை வீசியது. ரெஜினா அவரைத் தாண்டிப் போனார்.

"பார்த்தீங்களா கழுதையை?" என்று மாரப்பன் தன் கையைத் திட்டினார்.

"மறுபடி முன்னால போங்ணா."

வளைவு வந்தது.

"பாம்!"

மாரப்பன் ஒதுங்கவில்லை. கை மட்டும் நீண்டது. இந்த முறை உள்ளங்கை தரையைப் பார்த்தது. 'பொறு' என்று அர்த்தம்.

"ஏன் வழி விடலை?"

"வளைவுல எவனாச்சும் வழி விடுவானுங்களா? எதிர்ல வண்டி வந்தா என்னாகும்?"

ரெஜினா எதிரே எட்டிப் பார்த்தார். மாரப்பனும் பார்த்தார். பாதையில் ஒரு நாய்கூட இல்லை.

"விடுங்க," என்றார் ரெஜினா.

மாரப்பன் அரைமனதாக உள்பக்கம் ஒதுங்கிக் கையை வீசினார். நடையை மட்டும் நிறுத்தவில்லை. ரெஜினாவும் அதே நடையில் வெளிப்பக்கமாக நீளச் சுற்றி நடந்தார்.

வளைவு முடிந்ததும் மாரப்பன் திரும்பிப் பார்த்தார். குரு ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மாரப்பன் தன் கையைப் பார்த்தார்.

"இன்னொருக்கா அடிங்க அம்மணி."

அடுத்த வளைவிலும் அதேதான் நடந்தது.

"அப்ப இதை வெட்ட வேண்டாமுங்களா?"

"சாப்பிடப் போங்க," என்றார் ரெஜினா.

சாயங்காலம், காலையில் நின்ற அதே வரிசையில் லாரிகளை நிறுத்தினார்கள். மாரப்பன் முன்னால். அய்யாவு அவர் முதுகை ஒட்டி, சிரித்த முகமாக.

கொடி இறங்கியது. முதல் நேர்ப்பாதையிலேயே அய்யாவு ஹாரனை அழுத்தினார்.

மாரப்பனின் கை வெளியே வந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளங்கை தரையைப் பார்த்தது. வளைவு வரட்டும், பொறு.

அய்யாவுவும் லாரிக்காரர்தானே. பொறுத்தார். அந்தக் கையைக் கண்டால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

வளைவு வந்தது. கை தாராளமாக வீசியது. போ, போ. மாரப்பனின் வண்டி உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. அய்யாவு சந்தோஷமாக வெளிப்பக்கம் பாய்ந்தார். வளைவு முடிந்தபோது பழையபடி பின்னால் இருந்தார்.

ஹாரன். பொறு. வளைவு. போ, போ.

சுற்றுக்குச் சுற்று இதே கதை. பின்னால் மொத்த வரிசையும் ரயில்வே கேட்டில் மாட்டியது போல ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மாரப்பன் ஒருத்தருக்கும் மரியாதைக் குறைவு செய்யவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வழி விட்டார்.

கடைசிச் சுற்றில்தான் எதிரே பார்த்தார். முன்னால் வண்டி இல்லை, புகை இல்லை. பாதை முழுக்க அவருக்கே கிடந்தது. கண் கலங்கிவிட்டது. அப்படியே கோட்டைத் தாண்டினார்.

முதலாளி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அவருக்குப் பின்னாலேயே அய்யாவு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, சுத்துக்குச் சுத்து வழி விட்டீங்களே!"

"விட்டனுங்களே," என்றார் மாரப்பன்.

"நானும் வந்தனே! அப்புறம் எப்படிப் பின்னாலயே கிடந்தேன்? நீங்களாச்சும் சொல்லுங்க குருவே!"

ரெஜினா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மாரப்பன் அய்யாவுவின் தோளில் கை போட்டார். வலது கை.

"வாங்க, நடக்கலாம்."