அக்காக்குயிலின் பாதி வாக்கியம்

பறவையும் விலங்கும் வாய் திறந்து பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஆற்றங்கரைக் காட்டுக்குச் சேதி சொல்வது இரண்டு குயில்களின் வேலை. அக்காவும் தங்கையும். சின்ன மூச்சுக்கு நீளமான சேதி தாங்காது என்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எறும்புகளிடம் போனால், "மழை வந்தா..." என்று தங்கை தொடங்குவாள். "புத்துக்குள்ள போங்க" என்று அக்கா முடிப்பாள். 'இஃப்' என்று தொடங்கும் துண்டு தனியே நிற்காது என்று இங்கிலீஷ் வாத்தியார்கள் இப்போது பாடம் நடத்துகிறார்களே, அந்தக் காட்டில் அது பாடமில்லை, உயிர்.

அக்காவுக்குத் தலைக்கனம். "என் பாதி தனியா நிக்கும். போங்கன்னா போவாங்க. உன் பாதிய வச்சு ஒரு எறும்பைக்கூட நகர்த்த முடியாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "இனிமே நீ என்கூட வர வேணாம்" என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே மேற்கே வானம் கறுத்தது. ஆறு செம்மண் நிறத்தில் பெருகியது. தங்கை தனியாக நாணல் புதருக்குப் பறந்தாள். அங்கே ஒரு முயல், பால்குடி மறக்காத குட்டிகளோடு படுத்திருந்தது.

"கரை உடைஞ்சா..." என்றாள்.

முயல் காதை நிமிர்த்தியது. "உடைஞ்சா என்ன பண்ணணும் தாயி? குட்டிகளைத் தூக்கிட்டு ஓடணுமா? இங்கயே பொத்தி வச்சுக்கணுமா?"

தங்கைக்கு மறுபாதி வாயில் வரவில்லை. பிறந்ததிலிருந்து அதைச் சொன்னதே இல்லை. "கரை உடைஞ்சா... உடைஞ்சா..." என்று இழுத்தவள், "அக்கா!" என்று கூவினாள்.

அக்காவுக்குக் கேட்டது. எதிர்க்கரை மருத மரத்தில்தான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இறகைக் கோதிக்கொண்டிருந்தாள், பாவி.

"அக்கா! அக்கா!" குரல் ஏறிக்கொண்டே போனது. முயல் பதிலுக்காகக் காத்திருந்தது. மேடு பக்கத்தில்தான் இருந்தது, ஒரு வார்த்தை போதும். அதற்குள் கரை உடைந்தது.

அக்கா பதறிப் பறந்து வந்து, "மேட்டுக்கு ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினாள். கேட்க யாரும் இல்லை. நாணல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது. அந்த அவமானத்தில் அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று முதல்தான், மழைக்கு முன்னால் தங்கையின் வம்சமான அக்காக்குயில் "அக்கா, அக்கா" என்று குரலை உயர்த்திக்கொண்டே போய், உச்சியில் சட்டென்று நிறுத்திவிடுகிறது. மீதியைச் சொல்ல அக்கா வருவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.