மடியில்லாத பொம்மை

முன்னொரு காலத்தில் மணவூர் நாட்டை இறைவளவன் என்ற மன்னன் ஆண்டான். நாட்டின் பெயர் பற்றிப் புலவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அங்கே லஞ்சம் இருந்தது பற்றி இல்லை.

லஞ்சத்தை ஒழிக்க மன்னன் ஒரு வெண்கலப் பொம்மை செய்வித்தான். காலையில் சாவி கொடுத்துவிட வேண்டும். பிறகு அதன் வாயில் மனுவைப் போட்டால் கையில் முத்திரையிட்ட ஆணை வரும்.

"பொம்மைக்குக் கை உண்டு, காசை முடிந்துகொள்ள மடி இல்லை!" என்று பூரித்தார் சாவி வைத்திருந்த அதிகாரி காளிங்கராயர். "இனி அமைச்சர் நன்னனாருக்குத்தான் வேலை இல்லை."

சபை சிரித்தது. நன்னனார் சிரிக்கவில்லை. வாசலில் அஞ்சலை என்பவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கருகும் நெல்லுக்கு மடை திறக்க மனுவோடு வந்தவள். பொம்மை தூங்குகிறது என்று தினமும் அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

"மன்னா, நாளை உங்கள் மதிய உணவுக்கும் பொம்மையே ஆணை தரட்டும். பெயர் மட்டும் போட வேண்டாம். குடிமக்களில் ஒருவராகக் கேளுங்கள்" என்றார் நன்னனார்.

"அதற்கென்ன, தரட்டும்!"

மறுநாள் உச்சி சாய்ந்தும் சோறு வரவில்லை. பசி தாங்காத மன்னன் மாறுவேடத்தில் போனான். பொம்மை அசையவில்லை. பக்கத்துக் கொட்டகையில் காளிங்கராயரின் மச்சான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"காத்து சரியில்ல அண்ணே. தூங்குது."

"எப்போ எழும்?"

"அதுக்கும் பசிக்கும்ல?"

மன்னர்கள் காசு வைத்துக்கொண்டு திரிவதில்லை. காதுக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்தான். பொம்மை உடனே கண் விழித்தது.

ஒற்றைக் கடுக்கனோடு சபைக்குத் திரும்பியவன் கத்தினான்: "என் சோற்றுக்கு, என் பொம்மையிடம், நானே லஞ்சம் கொடுத்தேன்! காளிங்கராயனைச் சிறையில் தள்ளுங்கள். விடுதலை வேண்டுமென்றால் பொம்மையிடமே மனுப் போடட்டும்!"

சபை மறுபடியும் சிரித்தது.

"நன்னனாரே, என்ன பரிசு வேண்டும்?"

"அஞ்சலையின் மடையைத் திறந்தால் போதும், மன்னா."

மன்னன் அங்கேயே வாய்மொழியாக ஆணையிட்டான்.

அன்று மாலை காளிங்கராயர் விடுதலை ஆணையோடு வீட்டுக்கு நடந்து போனார்.

"எப்படி?" என்றான் மன்னன்.

"பொம்மை விழித்திருந்தது, மன்னா. புதிய சாவிக்காரருக்கும் ஒரு மச்சான் இருக்கிறான்" என்றார் நன்னனார்.

மடையும் திறந்தது. வயலைப் பார்க்கப் போன நன்னனார், வரப்பில் நின்றவளிடம் கேட்டார்: "தண்ணீர் வந்ததா அம்மா?"

"வந்துச்சு சாமி," என்றாள் அஞ்சலை. "வைக்கோலுக்கு எதுக்குத் தண்ணி?"