வயர்கள் வாயடைத்துப்போன மாலை

கேட்பவர் முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் பேசியதைப் போலவே நாடகக் கொட்டகையின் வயர்களும் பேசின. எல்லாம் ஒரே கறுப்பு. ஆகவே விளக்கமைப்பவர், "நீ எந்த விளக்கு?" என்று கேட்பார், வயர் சொல்லும் சொல்லை நம்பி ஸ்விட்ச் பலகையில் மாட்டுவார். வண்ண இன்சுலேஷன் டேப்பும் இருந்தது. ஆனால், தோலுரிந்த வயருக்குக் கட்டுப்போட மட்டுமே அது பயன்பட்டது.

தையல்நாயகியின் பொறுப்பில் ஐந்து வயர்கள் இருந்தன. ஐந்துக்கும் நிலாவை ஏற்றவே ஆசை. நிலா எழும்போதுதான் கொட்டகை கைதட்டும். முதல் நாள் அரக்கன் வரும்போது எரியும் சிவப்பு விளக்கின் வயர் தன்னை நிலா என்று சொல்ல, அவள் நம்பினாள். தலைவியின் பிரிவுப் பாட்டின் நடுவே மேடை இரத்தச் சிவப்பாயிற்று. கொட்டகை சிரித்த சிரிப்பில் பாட்டே நின்றுபோயிற்று.

மறுநாள் முதல் மணி அடித்ததும் குழுத்தலைவர் தாண்டவமூர்த்தி வந்து நின்றார்.

"தையலு, நேத்து நிலாவுக்கு அம்மை போட்டிருந்துச்சோ? இன்னைக்கும் அப்படின்னா, நாளைக்குப் பலகையில வேற ஆளு."

"ஆகாது வாத்தியாரே."

அவள் வயர்களிடம் திரும்பினாள். "யாரு நிலா?"

"நான்தான்" என்றன ஐந்தும்.

"அது புளுகுதுக்கா. அந்த மூஞ்சிக்கு நிலாவா?" என்றது கன்னங்கரேலென்ற ஒன்று.

அத்துடன் அவள் கேட்பதை நிறுத்தினாள். ஒன்றைச் செருகினாள், மேலே நிலா எரிந்தது. கைக்கு எட்டிய டேப்பை எடுத்து, அந்த வயரின் வாயை மூடி இறுகச் சுற்றினாள்.

"நிலாவுக்குச் சிவப்பா? அடுக்குமாக்கா..."

"நிலாவுக்கு இல்லடா, உனக்கு."

பேச்சு பாதியில் அறுந்தது. மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை என்று மற்ற நான்கும் அடங்கின. இரண்டாம் மணி அடித்தது.

அப்போது உயரத்தில் மறுபடி ஐந்து குரல்கள் எழுந்தன. வயருக்கு மறுமுனையிலும் வாய் உண்டு என்பதை அன்றுவரை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. கோபத்தில் ஐந்தும் விளக்குகளிலிருந்து கழன்று, நிலாவின் மேலேயே முண்டியடித்தன. அங்கே எல்லாம் கறுப்பு.

தையல்நாயகி ஏணியில் பாய்ந்து ஏறினாள். "வாத்தியாரே, சிவப்பைப் பிடிச்சு இழுங்க."

அவர் இழுத்தார். மேலே ஒரு முனை துள்ளியது. அதைப் பிடித்துச் சிவப்பைச் சுற்றி நிலாவில் செருகினாள். "மஞ்சள்!" அடுத்தது துள்ளியது. ஐந்தாம் வாய் அடைபடவும் மூன்றாம் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பிரிவுப் பாட்டில் வெண்ணிலா எழுந்தது, கொட்டகை அதிர்ந்தது. பலகை அவளுடையதாகவே நின்றது.

அந்த மாலையில் முடிவானவை இவை: வயர் பேசாது. ஒரு முனையின் நிறமே மறுமுனைக்கும். டேப்பின் நிறத்துக்கும் ஒளியின் நிறத்துக்கும் உறவில்லை. ஐயம் வந்தால் கேட்காமல் இழுத்துப் பார்க்க வேண்டும். டேப்பை உரிக்கும்போது 'சர்' என்று எழுவது வயர் தொண்டையைச் செருமும் ஒலி. அன்று முதல்தான் விளக்கமைப்போர் பழையதை உரித்த கையோடு புதியதைச் சுற்றிவிடுகிறார்கள்.