உறையாத ரத்தம்

"என் மனசு உறைஞ்சு போச்சு, அம்மா. அதை உருக்கி விடுங்க."

மாசிலாமணி இப்படிக் கேட்பது மூன்றாவது முறை. எட்டு வயது மகளை ஆற்று வெள்ளம் கொண்டுபோய் ஏழு மாதம். இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

துறவி வடிவாம்பிகை அவனைவிடப் பத்து வயது இளையவர். ஊருக்கு வைத்தியமும் பார்ப்பவர்; எல்லோருக்கும் அம்மா.

அப்போது நாலு பேர் ஒருவனைக் கட்டிலோடு ஆசிரமத்துக்குத் தூக்கி வந்தார்கள். விறகு வெட்டும் காத்தமுத்து. கண்ணாடி விரியன் கடித்திருந்தது. கூடவே அவன் மனைவி செல்லாயி.

"ஆத்துல வெள்ளம். ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு இல்லீங்க," என்றாள்.

காத்தமுத்துவின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. கடிவாயிலிருந்து வழிந்ததைக் குப்பியில் பிடித்து, அம்மா மாசிலாமணியிடம் நீட்டினார்.

"அசைக்காம பாத்துக்கிட்டே இருங்க. உறைஞ்சா சொல்லுங்க."

அரை மணி நேரம் அவன் கண் எடுக்கவில்லை. பிறகு அம்மா குப்பியைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராய் ஓடியது. விஷம் அதை உறைய விடவில்லை.

"உறைஞ்சிருந்தா?" என்றான்.

"ஓட்டையை அடைச்சிருக்கும். ஆள் பிழைச்சிருப்பான்."

வெள்ளம் வடியவில்லை. வெயில் சாய்வதற்குள் காத்தமுத்து போய்விட்டான்.

செல்லாயி அழவில்லை. புருஷன் வாயைத் துடைத்தாள். வேட்டியைச் சரி செய்தாள். கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அழுதுடு தாயி! உள்ள வெச்சா பைத்தியம் புடிச்சிடும்!" சேதி கேட்டு வந்த நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொருத்தி கன்னத்தில் அறையக் கை ஓங்கினாள்.

மாசிலாமணி அந்தக் கையைப் பிடித்தான்.

"இப்பத் தொடாதீங்க. உறைஞ்சே இருக்கட்டும்."

"நீங்க யாரு குறுக்க வர்றதுக்கு?"

அவன் விடவில்லை. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். அவன் செல்லாயியிடமிருந்து கொஞ்சம் தள்ளி, வெறும் தரையில் உட்கார்ந்தான்.   வாசலில் பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பினாள்.

"உங்க வீட்டுல யாரு போனாங்க?"

"மக."

"பேரென்ன?"

அவன் வாய் திறந்தான். ஏழு மாதமாய் அவன் சொல்லாத பெயர். அவள் காத்திருந்தாள்.

"பூங்கோதை."